பயணக் கிளேய்ம்: நிறுவனம் மிச்சப்படுத்தும் பணம் யாருடைய பையிலிருந்து போகிறது?

கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, பிரிக்பீல்ட்ஸ் என்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் சொந்த வண்டியில் நிறுவன வேலைக்காக ஓடுபவர்கள் ஏராளம். துறைமுகத்துக்கும் சுங்க அலுவலகத்துக்கும் அலையும் சரக்கு நிறுவன ஊழியர்கள், குளிர்சாதனம் பழுதுபார்ப்பவர்கள், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், பாதுகாவல் நிறுவன மேற்பார்வையாளர்கள் எனப் பட்டியல் நீளும்.

மாதக் கடைசியில் இவர்கள் எல்லாரும் ஒரு படிவத்தை நிரப்புகிறார்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை டோல், எவ்வளவு பார்க்கிங் என்று எழுதி, ரசீதுகளை ஒட்டிக் கொடுக்கிறார்கள். அதைத்தான் நாம் கிளேய்ம் என்கிறோம்.

பயணச் செலவைக் கட்டுப்படுத்த நிறுவனங்கள் விதிகள் வகுப்பது நியாயமே. கட்டுப்பாடு இல்லாத இடத்தில் பணம் கசியும். ஆனால், கணக்குப் பிரிவின் ஏட்டில் மிச்சமாகத் தெரியும் தொகை பல நேரங்களில் உண்மையான மிச்சம் அல்ல. அது ஊழியரின் பைக்கோ, நேரத்துக்கோ, அவருடைய சேமநிதிக்கோ இடம் மாறிய செலவு. இந்த இடமாற்றம் எப்படி நடக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, ஊழியர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

கிளேய்ம் வேறு, அலவன்ஸ் வேறு

பலரும் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள். இரண்டும் வேறு வேறு.

செலவழித்ததைக் கணக்குக் காட்டித் திரும்பப் பெறுவது கிளேய்ம். அது வருமானம் அல்ல. உங்கள் பணம் உங்களிடமே திரும்பி வருகிறது. பயணம் செய்தாலும் செய்யாவிட்டாலும் மாதந்தோறும் ஒரே தொகையாக வருவது பயண அலவன்ஸ். அதை வருமானமாகவே வரிச் சட்டம் பார்க்கிறது. ஆனால் அலுவல் பயணத்துக்கான பெட்ரோல், டோல், பயண அலவன்ஸ் ஆகியவற்றில் ஆண்டுக்கு 6,000 ரிங்கிட் வரை வரிவிலக்கு உண்டு. அதற்கு மேல் அலுவல் பயணத்துக்கே செலவானது என்று ஆதாரத்தோடு காட்டினால், கூடுதல் தொகைக்கும் கழிவு கோரலாம். பயணப் பதிவுகளையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

மாதம் 600 ரிங்கிட் அலவன்ஸ் பெறுபவருக்கு ஆண்டுக்கு 7,200 ரிங்கிட் வருகிறது. எந்தப் பதிவும் வைத்திருக்காவிட்டால் 6,000 போக மீதமுள்ள 1,200 ரிங்கிட் வரிக்கு உட்படும். தினமும் சாலையில் ஓடியவர், குறிப்பு எழுதாத ஒரே காரணத்துக்காக வரி கட்ட நேரிடும்.

40 நாள் வட்டியில்லாக் கடன்

கிளேய்மில் மறைந்திருக்கும் முதல் செலவு, காத்திருப்பு. பல நிறுவனங்களில் நடப்பது போன்ற ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதியோடு கிளேய்ம் கணக்கு முடிகிறது; பணம் மாதக் கடைசிச் சம்பளத்தோடு வருகிறது. மார்ச் 21ஆம் தேதி ஊழியர் கட்டிய டோலும் ஊற்றிய பெட்ரோலும் ஏப்ரல் 30ஆம் தேதிதான் கைக்கு வரும். இடையில் 40 நாள்கள். அத்தனை நாளும் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர் ஊழியர்தான். அதற்கு வட்டியும் இல்லை.

பெரிய சம்பளக்காரருக்கு இது தொல்லையாகத் தோன்றாது. கடன் அட்டையைத் தேய்த்துவிட்டுக் காத்திருப்பார். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மாதம் 400 ரிங்கிட் முன்கூட்டியே செலவழிக்க வேண்டியிருந்தால், அது அவருடைய சம்பளத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு.

அவர் கடன் அட்டையை நாடவும் முடியாது. மலேசியாவில் கடன் அட்டை பெற ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் இருக்க வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி. 1,700 ரிங்கிட்டை 12 மாதங்களால் பெருக்கினால் 20,400தான். ஆகவே வீட்டு வாடகைக்கு வைத்த பணத்திலிருந்தோ உறவினரிடம் கைமாற்றாகவோதான் அவர் நிறுவனத்தின் பயணத்தை ஓட்டுகிறார். எல்லாருக்கும் ஒரே விதி என்று எழுதியிருந்தாலும், அதன் பாரம் கீழே இருப்பவர் மீதுதான் அதிகம் விழுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாள்களுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அதே சட்டத்தில் 'சம்பளம்' என்ற சொல்லின் விளக்கத்தில் பயண அலவன்ஸும், வேலையின் தன்மையால் ஏற்படும் சிறப்புச் செலவை ஈடுகட்டும் தொகையும் சேராது. சம்பளத்துக்கு இருக்கும் அந்த 7 நாள் காப்பு கிளேய்மை அப்படியே தழுவவில்லை. கிளேய்ம் எப்போது கிடைக்கும் என்பது நிறுவனத்தின் விதியையும் உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் பொறுத்தது.

மலிவான வழி, விலை கூடிய நேரம்

கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசா டோல் சாவடிகள் 2018 ஜனவரி 1ஆம் தேதி முதல் நீக்கப்பட்டன. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு டோல் இல்லாமல் வர ஒரு வழி கிடைத்தது. மக்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அதைக் காட்டி, 'இலவச வழி இருக்கும்போது டோல் கிளேய்ம் கிடையாது' என்று ஒரு நிறுவனம் விதி எழுதினால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம் பெறுபவரின் ஒரு மணி நேர ஊதியம், மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்ற கணக்கில் ஏறத்தாழ 14 ரிங்கிட் 40 சென். 5 ரிங்கிட் டோலை மிச்சப்படுத்த அவர் நெரிசலில் கூடுதலாக 45 நிமிடம் நின்றால், நிறுவனம் ஏறத்தாழ 10 ரிங்கிட் 80 சென் மதிப்புள்ள வேலை நேரத்தை இழக்கிறது. அந்த 45 நிமிடம் வேலை நேரத்துக்கு வெளியே விழுந்தால் இழப்பு ஊழியரின் குடும்பத்துக்கு. டோல் கிளேய்மாகக் கணக்கில் ஏறும். நெரிசலில் போன நேரம் எந்தக் கணக்கிலும் ஏறாது. அதனால்தான் இந்த விதி லாபம்போல் தெரிகிறது.

விமானப் பயணத்திலும் இதே கதைதான். 'ஆக மலிவான டிக்கெட்டையே எடுக்க வேண்டும்' என்பது பரவலான விதி. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் சிப்பாங்கில் இருக்கிறது. கேஎல் சென்ட்ரலிலிருந்து விரைவு ரயிலில் 28 நிமிடம். ஒருவழிக் கட்டணம் 55 ரிங்கிட். 30 ரிங்கிட் மலிவு என்று நள்ளிரவில் தரையிறங்கும் விமானத்தில் ஊழியரை அனுப்பினால், ரயில் சேவை முடிந்த பிறகு அவர் கிள்ளானுக்கு கிராப் எடுத்துத்தான் வர வேண்டும். மிச்சமான 30 ரிங்கிட் அதிலேயே கரைந்துவிடும். மறுநாள் காலை 8 மணிக்கு அவர் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டுவார். டிக்கெட் விலை மட்டும் பார்க்கும் விதி, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஆகும் செலவைப் பார்ப்பதில்லை.

பொதுப் போக்குவரத்திலும் விதிகள் குறுக்கே நிற்கலாம். மை50 அட்டை 50 ரிங்கிட்டுக்கு 30 நாள்கள் ரேபிட் கேஎல் ரயில்களிலும் பேருந்துகளிலும் மலேசியர்கள் வரம்பின்றிப் பயணம் செய்ய உதவுகிறது. பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது பெரிய வசதி. மோனோரயிலும் எல்ஆர்டியும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் 'ஒவ்வொரு பயணத்துக்கும் தனி ரசீது வேண்டும்' என்று விதி இருந்தால், மாத அட்டையைக் கிளேய்ம் செய்ய முடியாது. ஊழியர் காரை எடுப்பார். நிறுவனம் பெட்ரோலுக்கும் பார்க்கிங்குக்கும் பணம் கொடுக்கும்.

யாருடைய மானிய பெட்ரோல்?

2025 செப்டம்பர் 30ஆம் தேதி முதல் பூடி95 திட்டத்தின் கீழ் மலேசியர்களுக்கு ரோன்95 பெட்ரோல் மானிய விலையில் கிடைக்கிறது. தொடங்கியபோது விலை லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென். அப்போது வரம்பு ஆளுக்கு மாதம் 300 லிட்டர். மானியம் இல்லாத விலை அப்போது 2 ரிங்கிட் 60 சென்.

இந்த வரம்பு மைகார்டை வைத்துத் தனி மனிதருக்குக் கொடுக்கப்படுவது. நிறுவன வேலைக்காக மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுபவரின் கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால், 150 லிட்டர் அதற்கே போகிறது. தொடக்க வரம்பான 300 லிட்டரில் சரிபாதி. குடும்பத் தேவைக்கும் அதிகம் ஓடுபவர் வரம்பைத் தாண்டினால், கூடுதல் விலையை அவரே சொந்தப் பணத்தில் கட்டுவார். மானிய விலையை வைத்து மைலேஜ் விகிதத்தைக் குறைக்க நினைக்கும் நிறுவனங்கள், அந்த மானியம் நிறுவனத்துக்கு வந்தது அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. மைலேஜ் என்பது பெட்ரோலுக்கு மட்டும் உரியதும் அல்ல. டயர், எண்ணெய் மாற்றம், பிரேக், காரின் தேய்மானம் எல்லாம் அதில் அடங்கியிருக்க வேண்டும்.

சேமநிதியில் விழும் ஓட்டை

அதிகம் பேசப்படாத செலவு இதுதான். 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தில் பயண அலவன்ஸ் 'சம்பளம்' அல்ல. அதற்குச் சந்தா பிடிக்கப்படுவதில்லை. சொக்சோ சட்டத்திலும் அப்படியே.

ஒருவருக்கு 3,100 ரிங்கிட் அடிப்படைச் சம்பளம். இன்னொருவருக்கு 2,500 ரிங்கிட் சம்பளமும் 600 ரிங்கிட் பயண அலவன்ஸும். கையில் வரும் தொகை கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். இரண்டாமவருக்குச் சற்றுக் கூடுதலாகவும் தெரியலாம். ஆனால் 5,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுவோருக்கு முதலாளி 13 விழுக்காடும் ஊழியர் 11 விழுக்காடும் சேமநிதிக்குச் செலுத்த வேண்டும். 600 ரிங்கிட்டுக்கு முதலாளியின் பங்கு ஏறத்தாழ 78 ரிங்கிட். ஆண்டுக்கு 936. பத்து ஆண்டுகளில் 9,360 ரிங்கிட். லாப ஈவைச் சேர்க்காமலே இவ்வளவு. ஊழியரின் 11 விழுக்காட்டுச் சேமிப்பு நின்று போவது தனி.

விபத்து நேர்ந்தாலும் இது தெரியவரும். சொக்சோவின் தற்காலிக இயலாமை உதவித்தொகை, நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு என்ற கணக்கில் தரப்படுகிறது. அந்த நாள் சம்பளத்தில் 600 ரிங்கிட் அலவன்ஸ் சேராது. சாலையில் ஓடுவதற்காகக் கொடுக்கப்பட்ட பணம், சாலையில் அடிபட்டுப் படுக்கும்போது கணக்கில் வருவதில்லை.

உண்மையிலேயே பயணத்துக்குச் செலவாகும் தொகையென்றால் அதை அலவன்ஸ் என்று கொடுப்பதில் தவறில்லை. பயணமே இல்லாத வேலைக்கும் பயண அலவன்ஸ் என்று சம்பளத்தைப் பிரித்துக் கொடுக்கிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சிறிய தொகை, பெரிய வழக்கு

விதிகள் உண்மையான செலவை ஏற்க மறுக்கும்போது இன்னொரு ஆபத்து பிறக்கிறது. ரசீது இல்லாத பார்க்கிங் கட்டணம், மறுக்கப்பட்ட டோல் ஆகியவற்றை ஈடுகட்ட, சிலர் மைலேஜில் 10 கிலோமீட்டர் கூட்டி எழுதுகிறார்கள். 'என் பணத்தைத்தானே எடுக்கிறேன்' என்பது அவர்களின் வாதம். உடன் வேலை செய்பவரும் அப்படித்தான் செய்கிறார் என்று தெரிந்ததும் அது வழக்கமாகிவிடுகிறது.

சட்டம் அப்படிப் பார்க்காது. 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, பொய்யான விவரமுள்ள ஆவணத்தைக் கொண்டு முதலாளியை ஏமாற்ற முயல்வதைக் குற்றமாக்குகிறது. அரசு ஊழியர்களுக்கு மட்டுமல்ல, தனியார் ஊழியர்களுக்கும் இது பொருந்தும். தண்டனை 20 ஆண்டுகள் வரை சிறையும், தொகையைப்போல் குறைந்தது 5 மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அந்த அபராதமும். 60 ரிங்கிட்டுக்குப் பொய்க் கிளேய்ம் போட்டவருக்கும் குறைந்தபட்ச அபராதம் 10,000 ரிங்கிட்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டிலிருந்து நேராக வேலையிடத்துக்குப் போய்விட்டு, அலுவலகத்திலிருந்து போனதாகப் படிவத்தில் எழுதுவது பலருக்கும் சாதாரணமாகத் தெரிகிறது. அன்றைக்கு வழியில் விபத்து நடந்தால், சொக்சோவிடம் சொல்லும் பாதையும் கிளேய்ம் படிவத்தில் உள்ள பாதையும் ஒத்துப் போகாது. வேலைப் பயண விபத்துக்கான உதவி, எந்த வழியில் எதற்காகப் போனீர்கள் என்பதைப் பொறுத்தது. சில ரிங்கிட்டுக்காக எழுதிய பொய் அங்கே வந்து நிற்கும்.

விதி தளர்ந்தாலும் விபரீதம்தான். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு காலத்தில் 250 பவுண்டுக்குக் குறைவான செலவுக்கு உறுப்பினர்கள் ரசீதே காட்ட வேண்டியதில்லை. 2009இல் அவர்களின் கிளேய்ம் விவரங்களை டெய்லி டெலிகிராப் நாளிதழ் வெளியிட்டது. சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவி விலகினார். உறுப்பினர்கள் சிலர் சிறைக்கும் போனார்கள். செலவுகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பு உருவானது.

'படி' சொல்லும் பழைய பாடம்

பயணப்படி, பஞ்சப்படி என்று நாம் சொல்லும் 'படி' நமக்குப் புதிதல்ல. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அளித்தார் என்கிறது பெரியபுராணம். இருவருக்கும் ஆளுக்கொரு காசு. ஆனால் சம்பந்தர் காசை மாற்றும்போது கடையில் வட்டம் பிடித்தார்கள். அதற்கு 'வாசி' என்று பெயர். அதனால் அவர் மடத்தில் அடியார்களுக்கு உணவு தாமதமானது. பின்னர் அவர் பதிகம் பாடி அந்த வாசி நீங்கியது. காசு கொடுத்தால் மட்டும் போதாது, அது குறையாமல், காலத்தில் பயன்பட வேண்டும் என்பதை அந்தக் கதையிலேயே காணலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் படி ஒரு படையையே கலைத்தது. 1843இல் சிந்து கம்பெனியின் ஆட்சிப் பகுதியோடு சேர்க்கப்பட்டது. அதுவரை வெளிநாட்டுப் பணி என்று சிப்பாய்களுக்குக் கிடைத்த கூடுதல் படி, உள்நாடாகிவிட்டது என்று நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு வங்காளச் சிப்பாய்கள் சிந்துவுக்குப் போக மறுத்தார்கள். 34ஆவது வங்காளக் காலாட்படை கலைக்கப்பட்டது. பின்னர் மதராஸ் படை அனுப்பப்பட்டது. கூடுதல் படி உண்டு என்று மதராஸ் ஆளுநர் உறுதி கொடுத்திருந்தார். கல்கத்தாவிலிருந்த மேலிட அரசு அதை ஏற்கவில்லை. பம்பாய் வந்து சேர்ந்த மதராஸ் சிப்பாய்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

கிளை மேலாளர் வாயால் சொன்னதைத் தலைமையகம் மறுப்பது இன்றும் நடப்பதுதான்.

என்ன செய்யலாம்?

ஊழியர்கள் முதலில் செய்ய வேண்டியது, கிளேய்ம் விதியை எழுத்தில் கேட்டு வாங்குவது. மைலேஜ் விகிதம், எங்கிருந்து தூரம் கணக்கிடப்படும், எந்த டோல் ஏற்கப்படும், எத்தனை நாளில் பணம் வரும் என்பவை வேலைக் கடிதத்திலோ அதனோடு இணைந்த விதிப்புத்தகத்திலோ இருக்க வேண்டும். வேலை ஒப்பந்தப்படி தர வேண்டிய பணம் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய வேலைச் சட்டத்தின் 69ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் வாதாட முடியும்.

இரண்டாவது, அன்றன்றே குறிப்பு எழுதுங்கள். தேதி, புறப்பட்ட இடம், போன இடம், காரணம், கிலோமீட்டர். கைப்பேசியில் ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். டச் அண்ட் கோ செயலியில் டோல், பார்க்கிங் விவரத்தைப் பதிவிறக்கலாம்.

மூன்றாவது, இ-இன்வாய்ஸ் குழப்பம். 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி பெரிய நிறுவனங்களில் தொடங்கி இது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நிறுவனத்துக்காக ஊழியர் செய்த செலவுக்கு, ஊழியர் பெயரில் உள்ள இ-இன்வாய்ஸையோ வழக்கமான ரசீதையோ ஆதாரமாக ஏற்க வருமான வரி வாரியத்தின் வழிகாட்டி இடம் தருகிறது. நிறுவனத்தின் பெயர் இல்லை என்பதற்காக மட்டும் கிளேய்மைத் தள்ளத் தேவையில்லை.

முதலாளிகளும் சிலவற்றை மாற்றலாம். அவுட்ஸ்டேஷன் போகிறவருக்கு முன்பணம் கொடுக்கலாம். அதிகம் ஓடுபவருக்கு நிறுவனத்தின் டோல் அட்டையும் பெட்ரோல் அட்டையும் கொடுக்கலாம். கிளேய்மை மாதம் ஒரு முறைக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தீர்க்கலாம். சில ரிங்கிட் பார்க்கிங் ரசீதைச் சரிபார்க்க மேலாளரும் கணக்கரும் அரை மணி நேரம் செலவழித்தால், அதற்கான சம்பளம் அந்த ரசீதின் தொகையைவிட அதிகம். நாளுக்கு இவ்வளவு என்று நியாயமான ஓர் எல்லை வைத்து, அதற்குள் நம்பிவிட்டு, அவ்வப்போது மாதிரிக்குச் சில கிளேய்ம்களை மட்டும் சோதிப்பது மலிவு.

அடுத்த முறை வேலைக்கான நேர்காணலில் 'பயண அலவன்ஸ் உண்டு' என்று சொன்னால், தலையாட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அது கிளேய்மா, அலவன்ஸா? எத்தனை நாளில் கைக்கு வரும்? அதை விட்டுவிட்டுப் பார்த்தால் சேமநிதி கணக்கிடப்படும் சம்பளம் எவ்வளவு? சேருவதற்கு முன்பே இவற்றுக்குப் பதில் தெரிந்திருந்தால், எந்தச் சம்பளத்துக்கு ஒப்புக்கொள்கிறோம் என்பதும் தெரிந்துவிடும்.